மூன்று மாத 'இயற்கை' கோர்ஸ்: ஒரு மாதச் சம்பளம் போச்சு

விந்தணு எண்ணிக்கையைக் கூட்டும் 'நூறு சதவீதம் இயற்கை' சப்ளிமெண்ட் விற்கும் ஒரு ஆன்லைன் தளம், என் ஒரு மாதச் சம்பளத்தை முழுசாக விழுங்கிவிட்டது. பணம் திரும்பாது என்று இன்று காலை கையை விரித்துவிட்டார்கள். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

என்னை நம்ப வைத்தவர் அவர்களுடைய 'ஆலோசகர்'. போனில் அவசரப்படுத்தவே இல்லை. செமன் ரிப்போர்ட்டை அனுப்பச் சொல்லி, "மில்லிக்கு 16 மில்லியனாவது இருக்கணும், உங்களுக்குக் கம்மியா இருக்கு சார்" என்று சரியாகவே படித்தார். கூடப்பிறந்தவர்களிடம்கூட வாய்விடாத விஷயத்தை அவரிடம் சொன்னேன். "விந்தணு உருவாகவே எழுபது நாளுக்கு மேல ஆகும், மூணு மாசம் விடாம சாப்பிடுங்க" என்றார். அது உண்மைதான், சுமார் 74 நாள் ஆகும். சூது அந்த உண்மைக்குள்தான் இருந்தது. பணம் திருப்பித் தரும் கெடு 30 நாள்! பலன் உண்டா இல்லையா என்று தெரியும்போது கெடு எப்போதோ முடிந்திருக்கும்.

அடுத்த ரிப்போர்ட்டில் எண்ணிக்கை அசையவே இல்லை. கேட்டால், "உங்க உடம்புவாகு சார்." அப்புறம் தூக்கம் சரியில்லையாம். அப்புறம் இன்னொரு கோர்ஸுக்குத் தள்ளுபடி தருகிறார்களாம், ஒரு மாதச் சம்பளத்தைத் தொலைத்தவனுக்கு! கடைசியில், சீல் உடைத்த பாட்டிலுக்குப் பணம் கிடையாதாம். சீலை உடைக்காமல் எப்படி விழுங்குவது? ஆலோசகர் இப்போது போனையே எடுப்பதில்லை.

யூராலஜி மருத்துவர் நிற்கவைத்துச் சோதித்ததுமே வெரிகோசீல் என்றார். விதைப்பையில் இரத்தநாளங்கள் புடைத்துக்கொள்ளும் கோளாறு, தேவைப்பட்டால் அறுவை சிகிச்சை உண்டு. இதற்கு வேரும் விதையும் என்ன செய்யும்? லேபிளில் அஸ்வகந்தா, பூனைக்காலி விதை, ஜிங்க் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே எடை, எது எவ்வளவு என்றே இல்லை. அமெரிக்காவில் 2,370 தம்பதிகளிடம் நடத்தி 2020-இல் வெளியான ஆய்வில், ஜிங்க்கும் ஃபோலிக் அமிலமும் சேர்த்துக் கொடுத்தும் விந்தின் தரம் கூடவில்லை, குழந்தைப் பேறும் கூடவில்லை என்றார். அஸ்வகந்தா சாப்பிட்டுக் கல்லீரல் பாதித்தவர்களும் இருக்கிறார்களாம்.

விரிவாக ஆலோசனை எழுதத்தான் நினைத்தேன், ஆத்திரத்தில் வரவில்லை. மாத்திரைக்கு முன்னால், தொட்டுச் சோதிக்கும் மருத்துவரிடம் போங்கள். மூன்று மாதப் பணத்தை மொத்தமாகக் கட்டாதீர்கள். டெஸ்டோஸ்டிரோன் ஊசி என்று யாராவது ஆசை காட்டினால் ஓடிவிடுங்கள், அது விந்தணு உற்பத்தியையே அடக்கிவிடும்.

ரசீது, சாட் எல்லாம் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டேன். நுகர்வோர் புகார் தயாராகிறது. ஒரு மாதச் சம்பளம், சும்மா விடுவதாக இல்லை.