அமெரிக்கன் கேம்ப் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள்

குவைத்தில் இருக்கும் அமெரிக்க ராணுவ முகாமில் ஏ.சி. மெக்கானிக் வேலை என்று சொல்லி, மார்த்தாண்டத்தில் ஓர் ஆள் என்னிடம் 2,25,000 ரூபாய் வாங்கினார். குவைத்துக்குப் போனது உண்மை. முகாமின் வேலியைக்கூடப் பார்க்கவில்லை. ஐந்து மாதம் ஒரு வணிக வளாகத்தின் கழிப்பறைகளைக் கழுவிவிட்டு ஊர் திரும்பினேன். அவர் இன்னும் ஆள் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்று கேள்விப்பட்டதால் எழுதுகிறேன். புகார் விசாரணையில் இருப்பதால் பெயரை எழுதவில்லை.

நான் ஏமாளி அல்ல என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். சவூதியில் தமாம் நகரத்தில் ஆறு வருடம் வேலை பார்த்தவன். விசா ஒன்று, வேலை ஒன்று என்று வந்து மாட்டிக்கொண்டவர்களை அங்கே கண்ணால் பார்த்தவன். இருந்தும் விழுந்ததற்குக் காரணம் 'கேம்ப்' என்ற அந்த ஒரு சொல். நம் பக்கத்தில் கேம்ப் வேலைக்கு இருக்கும் மதிப்பு தெரிந்ததுதானே? என் சித்தி மகன் 2011 முதல் மூன்று வருடம் ஆப்கானிஸ்தானில் பக்ராம் முகாமின் சலவைப் பிரிவில் இருந்தான். வாரத்தில் ஏழு நாளும் தினம் பன்னிரண்டு மணி நேர வேலை. ராக்கெட் விழும்போதெல்லாம் பதுங்கு குழிக்குள் ஓடியிருக்கிறான். ஆனாலும் வந்ததும் கருங்கல்லில் வீடு கட்டினான், தங்கையைக் கட்டிக் கொடுத்தான். 2021 ஜூலையில் அமெரிக்கர்கள் பக்ராமை விட்டுப் போன செய்தியை டிவியில் பார்த்தபோது, சொந்த வீடு இடிந்தவன்போல உட்கார்ந்திருந்தான்.

அவனும் அந்தக் காலத்தில் துபாயில் ஓர் ஏஜெண்டுக்கு இரண்டு லட்சம் கொடுத்துத்தான் போனானாம். அதனால் பணம் கேட்டபோது எனக்குச் சந்தேகமே வரவில்லை. காசு கொடுக்காமல் கேம்ப் வேலை கிடைக்குமா என்றுதான் எல்லோரும் சொன்னார்கள்.

அலுவலகம் மாடியில். ஏஜெண்ட் முன்னாள் ராணுவ வீரர் என்று சொல்லிக்கொண்டார். சுவரில் சீருடைப் படம், மேசையில் குட்டி அமெரிக்கக் கொடி. நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் தெருவுக்கு ஒரு பட்டாளத்து வீடு உண்டு, அந்தச் சீருடைக்கு நாம் தருகிற மரியாதை அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. முதலில் பதிவுக்கு 25,000. ஒரு வாரத்தில் வீடியோ அழைப்பில் நேர்முகத் தேர்வு. தொப்பி போட்ட ஒருவர் கம்ப்ரஸர் பற்றி இரண்டு கேள்வி கேட்டார். மறுநாளே கழுகுச் சின்னத்தோடு நியமனக் கடிதம் வந்துவிட்டது. மாதம் 350 தினார், சாப்பாடும் தங்குமிடமும் இலவசம். மனைவியின் ஐந்து பவுன் கூட்டுறவு வங்கிக்குப் போனது, 1,60,000 ரூபாய் ஏஜெண்டின் மேசைக்குப் போனது.

அப்புறம்தான் வந்தது அந்த 40,000. "செக்யூரிட்டி கிளியரன்ஸ் கட்டணம் அண்ணே, பென்டகனுக்கு நேராகப் போகிற பணம், எனக்கு ஒரு ரூபாய் இதில் கிடையாது" என்றார். அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் தலைமையகமான பென்டகனின் பெயரை மார்த்தாண்டத்தில் ஒரு மாடி அறையில் கேட்டபோது எனக்கு மெய்சிலிர்த்தது என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். உண்மை என்னவென்றால், அமெரிக்க அரசு தன் பாதுகாப்பு அனுமதியைத் தன் குடிமக்களுக்குத்தான் கொடுக்கிறது. அதற்கான விசாரணைச் செலவும் அரசினுடையது. நம்மைப் போன்ற வெளிநாட்டுத் தொழிலாளிகளுக்குப் பின்னணி விசாரணை செய்து முகாமுக்குள் நுழைய ஒரு பாஸ் கொடுப்பார்கள், அவ்வளவுதான். என்னிடம் வாங்கியது இல்லாத ஒன்றுக்கான கட்டணம்.

விமானத்துக்கு இரண்டு நாள் முன்பு விசா நகல் கையில் வந்தது. தொழில் என்ற இடத்தில் 'ஆமில்', அதாவது வெறும் தொழிலாளி. கேட்டேன். "எல்லோருக்கும் அப்படித்தான் போடுவார்கள் அண்ணே, உள்ளே போனதும் மாற்றிவிடுவார்கள்." தமாமில் ஆறு வருடம் இருந்த நான் அந்த இடத்திலேயே எழுந்து வந்திருக்க வேண்டும். நகை அடகில் இருந்தது, ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டது, மைத்துனன் திருவனந்தபுரம் விமான நிலையத்துக்குக் கார் பேசியிருந்தான். போனேன்.

குவைத்தில் இறங்கியதும் பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டார்கள். அரபியிலும் ஆங்கிலத்திலும் இருந்த புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்து: துப்புரவு நிறுவனம், 90 தினார். மூன்று மாதத்தில் பேஸ் பாஸ், அதாவது முகாமுக்குள் நுழையும் அந்த அனுமதிச் சீட்டு, வரும் என்றார்கள். ஓர் அறையில் எட்டுப் பேர். அதில் மூன்று பேர் அதே பாஸுக்காக ஒரு வருடத்துக்கு மேல் காத்திருப்பவர்கள். தூதரகத்தில் புகார் கொடுத்து, இரண்டு மாதச் சம்பளத்தை விட்டுக்கொடுத்து, டிக்கெட்டையும் நானே எடுத்துத்தான் வர முடிந்தது. குளச்சல்காரர்கள் இருவர் கடன் தந்தார்கள். அந்தக் கடன் இன்னும் பாதி நிற்கிறது.

வந்த பிறகுதான் விவரங்களைத் தேடினேன். முதலில் என்னைச் சுட்டது இது: அமெரிக்க அரசின் ஒப்பந்த விதியே, தொழிலாளியிடம் ஆள்சேர்ப்புக் கட்டணம் வாங்கக் கூடாது என்று சொல்கிறது. ஒபாமா 2012இல் ஆணை போட்டார், 2015இல் விதிகள் இறுகின. பெரிய நிறுவனம், அதன் துணை ஒப்பந்தக்காரர், அவர்களுடைய ஏஜெண்ட் எல்லோரையும் அது கட்டுப்படுத்தும். பாஸ்போர்ட்டைப் பிடித்துவைக்கக் கூடாது. எழுத்தில் ஒப்பந்தம் தேவைப்படும் வேலையென்றால், தொழிலாளிக்குப் புரியும் மொழியில், அவர் கிளம்புவதற்கு ஐந்து நாள் முன்பே கொடுத்துவிட வேண்டும். இதெல்லாம் சும்மா வந்ததல்ல. 2004இல் ஜோர்டானில் வேலை என்று நம்பிப் புறப்பட்ட பன்னிரண்டு நேபாளிகள் ஈராக்கிலிருந்த அமெரிக்க முகாம் ஒன்றுக்குக் கொண்டுபோகப்பட்டு, வழியில் கடத்திக் கொல்லப்பட்டார்கள். துணை ஒப்பந்தத்துக்குக் கீழே துணை ஒப்பந்தம் என்று போகும் அந்தச் சங்கிலியில் கடைசிக் கண்ணியில்தான் நாம் நிற்கிறோம். சித்தி மகன் கொடுத்த காலம் வேறு. இன்று கேம்ப் வேலைக்கு ஒருவன் பணம் கேட்டால், ஒன்று வேலையே பொய், இல்லையென்றால் அந்த நிறுவனம் தன் ஒப்பந்தத்தையே இழக்கும் அளவுக்கு விதியை மீறுகிறான்.

நம் நாட்டுச் சட்டமும் தெளிவாகத்தான் இருக்கிறது. 1983ஆம் வருடக் குடிபெயர்வுச் சட்டப்படி, பதிவுச் சான்று இல்லாமல் யாரும் வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கக் கூடாது. பதிவு பெற்றவர் வாங்கக்கூடிய உச்சக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டியும், அதாவது 35,400. ரசீது கட்டாயம். என் கையில் இருப்பது 25,000க்கான ரசீது மட்டும், அதிலும் 'பயிற்சிக் கட்டணம்' என்று எழுதியிருக்கிறது. சுவரில் மாட்டியிருந்த உரிமம் மும்பை நிறுவனம் ஒன்றினுடையது. வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் உரிம எண்ணைத் தட்டினால் யாருடையது, நடப்பில் இருக்கிறதா என்று வந்துவிடும். ஐந்து நிமிட வேலை. நான் கழுகுச் சின்னத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்னொன்று, நம் மாவட்டத்துக்காரர்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டியது. பத்தாம் வகுப்புகூடத் தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் இ.சி.ஆர்., அதாவது குடிபெயர்வுக்குச் சோதனை தேவை என்று இருக்கும். அவர்கள் குவைத் போன்ற நாடுகளுக்கு வேலைக்குப் போனால் குடிபெயர்வோர் பாதுகாவலர் என்ற அரசு அதிகாரியின் அனுமதி வேண்டும், பத்து லட்ச ரூபாய் காப்பீடும் கட்டாயம். பத்தாவது தேறியவனுக்கு இரண்டும் தேவையில்லை. 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு மாநிலத்திலேயே முதலிடத்தில் இருந்த மாவட்டம் நம்முடையது. அதைச் சொல்லிப் பெருமைப்படுவோம். அந்தப் பெருமையால்தான் என் ஒப்பந்தத்தை எந்த அதிகாரியும் பார்க்காமல், காப்பீடும் இல்லாமல் நான் விமானம் ஏறினேன். அனுமதி தேவையில்லை என்பதை நாம் பாதுகாப்பு என்று எடுத்துக்கொள்கிறோம்.

நாகர்கோவிலில் மாவட்டக் குற்றப்பிரிவில் புகார் கொடுத்திருக்கிறேன், இ-மைக்ரேட்டிலும் பதிந்திருக்கிறேன். என்னைப்போலவே ரசீது வைத்திருக்கும் இன்னும் நான்கு பேர் சேர்ந்திருக்கிறார்கள். ஏமாந்தது வெளியே தெரிந்தால் பெண் கொடுக்க மாட்டார்கள் என்று ஒருவர் மட்டும் தயங்குகிறார். ரசீது இல்லாதவர்கள் வங்கியில் பணம் எடுத்த நாள், வாட்ஸ்அப் செய்திகள், குரல் பதிவுகள் எதையும் அழிக்க வேண்டாம். புகாரில் என்னிடம் முதலில் கேட்டதே அவற்றைத்தான்.

போன வாரம் அந்தத் தெரு வழியாகப் போனேன். மாடியில் புதுப் பலகை தொங்குகிறது. அமெரிக்கக் கொடியைக் காணோம், இப்போது போலந்துக்கு ஆள் எடுக்கிறார்களாம். படிக்கட்டில் பத்துப் பேர் கையில் ஃபைலோடு உட்கார்ந்திருந்தார்கள்.