சிறுமலையில் பார்த்ததற்கெல்லாம் பெயர் தேடி: ஐநேச்சுரலிஸ்டோடு 5 வருடம்

மாதம் ஒரு தடவையாவது திண்டுக்கல் பக்கத்துச் சிறுமலைக்குப் போய்விடுவேன். 18 கொண்டை ஊசி வளைவும் ஏறியபின் நடைதான். "ஏதோ பட்டாம்பூச்சி, ஏதோ செடி" என்று திரும்பி வந்துகொண்டிருந்தவன், 5 வருடமாக ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் பதிந்து வருகிறேன். பார்த்த உயிரினத்தைப் படமெடுத்துப் போட்டால், அதன் பெயரைப் பலரும் சேர்ந்து கண்டுபிடிக்கும் இடம். 2008இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் முதுகலை மாணவர்களின் புராஜெக்டாகத் தொடங்கியது இது. காசும் கிடையாது, விளம்பரமும் கிடையாது.

மலையில் சிக்னல் கிடைக்காவிட்டாலும் கவலையில்லை. லொக்கேஷனை ஆன் செய்து படம் எடுத்து வந்தால் போதும், இடமும் நேரமும் படத்தோடே இருக்கும். வீட்டுக்கு வந்து ஏற்றினால் செயலி சில பெயர்களைச் சொல்லும். ஆனால் நான் இதை விடாமல் வைத்திருப்பது அதற்காக இல்லை, அங்கே இருக்கும் மனிதர்களுக்காக.

முதல் வருடம் ஒரு கறுப்புப் பட்டாம்பூச்சியைப் பதிந்தேன். பின்னிறக்கையில் வெள்ளைத் திட்டு, ஓரத்தில் சிவப்புப் புள்ளிகள். காமன் ரோஸ் என்று நானே அடித்துவிட்டேன். மறுநாள் முன்பின் தெரியாத ஒருவர் எழுதியிருந்தார்: உடலைப் பாருங்கள், ரோஸ் என்றால் சிவப்பாக இருக்கும், இது கறுப்பு. அது காமன் மார்மன் பெண். ரோஸின் புழு ஆடுதின்னாப்பாளையைத் தின்று நஞ்சேறி வளர்வதால் பறவைகள் அதைத் தொடாது. கறிவேப்பிலை தின்று வளரும் மார்மனுக்கு அந்த நஞ்சு இல்லை, அதனால் பெண்களில் சில ரோஸ் மாதிரி வேஷம் போடுகின்றன. அன்றிலிருந்து இறக்கையை விட்டுவிட்டு முதலில் உடலைத்தான் பார்க்கிறேன்.

குறைந்தது 2 பேர் பெயர் சொல்லி, மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒத்துப்போனால் பதிவுக்கு 'ரிசர்ச் கிரேடு', அதாவது ஆய்வுத் தரம், கிடைக்கும். பறவை, பட்டாம்பூச்சி என்றால் சீக்கிரம் வந்துவிடுகிறது. செடிக்குப் பூ மட்டும் எடுத்தால் பத்தாது. இலையின் அடிப்பக்கம், காய், பட்டை, முழுச்செடி எல்லாம் வேண்டும். அருகிவரும் இனங்கள் என்றால் சரியான இடத்தைச் செயலியே மறைத்துவிடும். ஆர்க்கிட் எதுவானாலும் நானும் மறைத்துத்தான் போடுவேன். பிடுங்கிப் போக ஆள் இருக்கிறது.

ஒரு முள்மரம் மட்டும் பூவில்லாமல் நெடுநாள் 'எலுமிச்சைக் குடும்பம்' என்பதோடு நின்றிருந்தது. அடிவாரத்தில் ஆடு மேய்க்கிற ஐயாவிடம் காட்டினேன். போனைப் பார்க்கவே இல்லை. நேரே மரத்தடிக்கு வந்து ஓர் இலையைக் கசக்கி என் மூக்கருகே நீட்டினார். எலுமிச்சை வாசம். "குருந்து தம்பி, இது கூடவா தெரியாது?" என்றார். வாசத்தைப் படம் எடுக்க முடியாது. குறிப்பில் எழுதி வைத்தேன்.

போன மாதம் அதே மரத்தில் ஓர் இலைமேல் பறவை எச்சம் போல ஏதோ ஒட்டியிருந்தது. குனிந்து பார்த்தால் புழு. மார்மனாகவும் இருக்கலாம், நீல மார்மனாகவும் இருக்கலாம். 'பாபிலியோ' என்று இரண்டுக்கும் பொதுவான பேரினத்தோடு நிறுத்திப் பதிந்திருக்கிறேன்.