வார்டன் பேரிக்காய்: மடம் தந்த பெயரா, குணம் தந்த பெயரா?

விடுதி வார்டனை நமக்குத் தெரியும். இடைக்கால இங்கிலாந்தில் வார்டன் என்றால் ஒரு பேரிக்காயும்கூட; அது காய்க்கும் மரத்துக்கும் அதே பெயர். பச்சையாகக் கடித்தால் பல்லுக்குத்தான் கேடு, அவ்வளவு கெட்டி. ஆனால் குளிர்காலம் முழுக்கத் தாங்கும். வேகவைத்தோ மாவுக்குள் பொதிந்து சுட்டோ தின்பார்கள். ஷேக்ஸ்பியரின் ‘தி வின்டர்ஸ் டேல்’ நாடகத்தில் ஒரு பாத்திரம், வார்டன் ‘பை’ (pie) என்ற அந்தச் சுட்ட பண்டத்துக்கு நிறமேற்றக் குங்குமப்பூ வாங்கவேண்டும் என்று கணக்குப் போடுகிறது.

பெயர் எங்கிருந்து வந்தது என்பதில் இரண்டு கட்சி.

இங்கிலாந்தின் பெட்ஃபோர்ட்ஷயர் மாவட்டத்துக்காரர்கள் தங்கள் ஓல்ட் வார்டன் ஊரைக் காட்டுவார்கள். 1130-களில் அங்கே சிஸ்டர்சியன் துறவிகள் மடம் கட்டினார்கள். அவர்கள் வளர்த்த காய், அதனால் அந்தப் பெயர். சாட்சி? மடத்தின் சின்னத்திலேயே பேரிக்காய் இருக்கிறது.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தச் சாட்சியை நான் நம்பமாட்டேன். பெயரை வைத்துச் சிலேடையாகப் படம் போடுவது அக்காலக் கேடயச் சின்னங்களின் வழக்கம். லூசி என்ற ஆங்கிலேயக் குடும்பத்தார் தங்கள் கேடயத்தில் ‘லூஸ்’ என்ற மீனை வைத்தார்கள். அதற்காக அந்த மீனைப் பெற்றது அந்தக் குடும்பம் என்று யாரும் சொல்வதில்லை. காய்க்கு ஏற்கெனவே வார்டன் என்று பெயர் இருந்திருந்தாலும் மடத்தார் அதே சின்னத்தைத்தான் போட்டிருப்பார்கள்.

இன்னொரு கட்சி பிரெஞ்சுச் சொல்லைக் காட்டுகிறது. வட பிரான்ஸில் ‘வார்தே’, பாரிஸ் பக்கம் ‘கார்தே’: இரண்டும் ஒரே சொல், ‘காத்து வைத்திரு’ என்று பொருள். 1066-க்குப் பின் நார்மானியரோடு இங்கிலாந்துக்கு வந்தது பெரும்பாலும் வடக்கத்தி உச்சரிப்பு. வார்டன், கார்டியன் என்று ஆங்கிலத்தில் இரட்டைச் சொற்கள் இருப்பதும் இதனால்தான். நாள் தாங்கும் பேரிக்காயைப் பிரெஞ்சில் இன்றும் ‘புவார் த கார்த்’ என்கிறார்கள். வைத்திருந்து தின்னும் காய்க்கு இதைவிடப் பொருத்தமான பெயர் எது? என் ஓட்டு இதற்குத்தான்.

ஒரு வேடிக்கை. ஓல்ட் வார்டன் என்ற ஊர்ப்பெயர் மடத்துக்கும் மூத்தது. 1086-ஆம் ஆண்டின் டூம்ஸ்டே என்ற நிலக் கணக்கெடுப்புப் பதிவேட்டிலேயே வருகிறது. பழைய ஆங்கிலத்தில் அதற்குக் காவல் மேடு என்று பொருள். அந்தக் ‘காவலும்’ பிரெஞ்சுக்காரர்களின் ‘காத்தலும்’ ஒரே ஜெர்மானிய வேரில் கிளைத்தவை. மடத்துக் கட்சியே ஜெயித்தாலும் பேரிக்காய்க்குள் இருப்பது அதே காவல்தான். விடுதி வார்டனுக்குள் இருப்பதும் அதுவே.