ஒரே கோடு, இரண்டு ஆப்: கிரேடில் ஃபிளேவர் தேறுமா?

பெங்களூரு கோரமங்கலாவில் ஒரே அறையில் மூன்று பேர் உட்கார்ந்து ஆப் செய்யும் டீமுக்கு, இலவசத்துக்கு ஒன்று, கட்டணத்துக்கு ஒன்று என இரண்டு புராஜெக்ட் வைத்துக் காப்பி-பேஸ்ட் அடிப்பது வீண் வேலை. ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவில், கோடை ஆப்பாகக் கட்டித் தரும் கிரேடில் கருவியின் புராடக்ட் ஃபிளேவரே போதும்: ஒரே புராஜெக்ட்டிலிருந்து பல பதிப்பு எடுக்கும் வசதி இது. தனிக் காசு கிடையாது.

பொதுக் கோடு 'மெயின்' ஃபோல்டரில். பக்கத்திலேயே 'ஃப்ரீ', 'பெய்டு' என்று ஃபிளேவருக்கு ஒரு ஃபோல்டர். இலவசத்தின் அப்ளிகேஷன் ஐடிக்கு (போன் ஆப்பை அடையாளம் காணும் பெயர்) '.ஃப்ரீ' என்று வால் ஒட்டினால் இரண்டும் ஒரே போனில் நிற்கும். விளம்பர லைப்ரரியை கிரேடில் ஃபைலில் 'ஃப்ரீஇம்ப்ளிமென்டேஷன்' (freeImplementation) என்று போடுங்கள். கட்டணப் பதிப்பில் அது ஏறவே ஏறாது. இதற்காகவே மதிப்பெண் கொடுக்கலாம்.

படமும் ஸ்ட்ரிங்கும் (திரையில் வரும் எழுத்து) மெயினிலும் ஃபிளேவரிலும் இருந்தால், ஃபிளேவரில் இருப்பதே ஜெயிக்கும். கோடின் கிளாஸ் அப்படியல்ல: மெயினிலும் ஃப்ரீயிலும் ஒரே பெயரில் இருந்தால் 'டூப்ளிகேட்' என்று பில்டு படுத்துவிடும். மெயினிலிருந்து எடுத்து, இரண்டு ஃபிளேவரிலும் தனித்தனியாக வையுங்கள். கன்டென்ட் புரொவைடர் (மற்ற ஆப்களுக்கு டேட்டா தரும் பகுதி) இருந்து, அதன் அடையாளப் பெயரான அத்தாரிட்டியை நேரடியாக எழுதியிருந்தால் இரண்டாவது ஆப் இன்ஸ்டால் ஆகாது. அங்கே ஒவ்வொரு பதிப்பின் ஐடியையும் தானாக நிரப்பும் அப்ளிகேஷன் ஐடி பிளேஸ்ஹோல்டர்தான் மருந்து. ஆண்ட்ராய்டு கிரேடில் பிளகின் 8.0 முதல், இது எந்தப் பதிப்பு என்று கோடுக்குச் சொல்லும் பில்டுகான்ஃபிக்கை நாமே ஆன் செய்ய வேண்டும்.

பெரிய குறை ஒன்று: ஐடி வேறு என்பதால், இலவசத்தில் சேர்த்த டேட்டா கட்டணப் பதிப்புக்குத் தானாக வராது. அது முக்கியமென்றால் ஒரே ஆப்பில் இன்-ஆப் பர்ச்சேஸ் வைப்பதே மேல்.