வைர அழுத்தக்கலத்துடன் ஐந்து கோடைகள்

திருவண்ணாமலையிலிருந்து தெரிந்த தம்பி ஒருவன் போன வாரம் போன் பண்ணினான். அவர்கள் துறைக்கு நிதி வந்திருக்கிறதாம், ஹீட்டர் சேர்ந்து வரும் டயமண்ட் ஆன்வில் செல் (இரண்டு வைர நுனிகளுக்கு நடுவில் பொருளை வைத்து நசுக்கிப் பெரிய அழுத்தம் கொடுக்கும் கருவி) ஒன்று வாங்கலாமா என்று யோசிக்கிறார்களாம். "அஞ்சு வருஷமா வச்சிருக்கீங்களேண்ணா, எப்படி இருக்கு?" என்று கேட்டான். அன்று காலையில்தான் எங்கள் செல்லில் வெப்பநிலை அளக்கும் தெர்மோகப்பிள் கம்பி மறுபடியும் அறுந்திருந்தது, இந்தக் கோடையில் அது மூன்றாவது தடவை. அந்த எரிச்சலில் அவனிடம் "வேண்டாம்டா" என்று வைத்துவிட்டேன். அது சரியில்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கால் காரட் வைரம் இரண்டு, நுனி முகம் 500 மைக்ரான், நான்கு திருகு. இதெல்லாம் அவனுக்கே தெரியும். தெரியாத விஷயம், இது எவ்வளவு உழைக்கும் என்பது. காட்பாடி தூசியிலும் ஐந்து வருடமாக வைரத்தில் ஒரு சின்ன உடைப்பு இல்லை, இரண்டு முகங்களும் வாங்கிய அன்று எப்படி நேராக நின்றனவோ அப்படியே நிற்கின்றன. ஆலன் கீயைக் கையால் திருப்பியே 15 ஜிகாபாஸ்கல் வரை போயிருக்கிறோம், அதாவது ஏறக்குறைய ஒன்றரை லட்சம் வளிமண்டல அழுத்தம். முதல் கோடையில் மின்சாரம் போன ஒரு மத்தியானம், வெளியே 41 டிகிரி, கேஸ்கட் துளையில் (வைரங்களுக்கு நடுவில் மாதிரியை அடைத்து வைக்கும் உலோகத் தகட்டின் துளை) வெறும் தண்ணீரை வைத்துத் திருகினேன். 1 ஜிகாபாஸ்கல் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் தண்ணீருக்குள் கண்ணாடி மாதிரி ஒரு படிகம் முளைத்து ஓரத்துக்கு ஓரம் வளர்ந்தது. குளிரே இல்லாமல் பனிக்கட்டி. அன்றைக்கு மைக்ரோஸ்கோப்பை விட்டு எழுந்திருக்கவே மனசு வரவில்லை.

அழுத்தம் வரைக்கும் குறையே கிடையாது. வெப்பநிலைதான் உயிரை எடுக்கிறது.

மாதிரி, அதாவது நாங்கள் அளக்கும் பொருள், உட்காரும் இடம் 40 மைக்ரான் கனம் கூட இல்லை. அதற்குள் தெர்மோகப்பிளைக் கொண்டுபோக முடியாது, அதனால் வைரத்தின் சரிவில், கேஸ்கட்டுக்கு ஒட்டி, செராமிக் சிமெண்டால் ஒட்டுகிறோம். கம்பி 0.1 மி.மீ. செல்லை மூடும்போது விரல் பட்டால் போதும், போச்சு. அறுந்தால் கூடப் பரவாயில்லை, அறுந்தது தெரியும். மோசம் எது தெரியுமா, சிமெண்டில் விரிசல் விட்டு முனை கொஞ்சம் தூக்கிக்கொள்வது, ஏனென்றால் அப்போதும் மீட்டரில் எண் வந்துகொண்டேதான் இருக்கும். போன வருடம் சந்தேகம் வந்து, அழுத்தம் கொடுக்காமல் ஒரு துணுக்கு வெள்ளீயத்தை வைரங்களுக்கு நடுவில் வைத்துச் சூடேற்றினேன். வெள்ளீயம் 231.9 டிகிரியில் உருகும், அதில் பேச்சே கிடையாது. அது உருண்டு பளபளத்த நொடியில் மீட்டர் 247 காட்டியது. கழற்றிப் பார்த்தால் முனை ஹீட்டர் பக்கம் சாய்ந்து கிடந்தது. அதற்கு முந்தைய இரண்டு மாத அளவீடு மொத்தத்தையும் தூக்கிப் போட வேண்டியதாயிற்று. நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

வைரத்தையும் குறை சொல்ல முடியாது. செம்பைவிட ஐந்து மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்துவது அதன் குணம். மாதிரிக்குக் கொடுக்கிற சூட்டை அதுவே உறிஞ்சி வெளியே தள்ளிவிடும், மாதிரியின் ஒரு பக்கத்துக்கும் மறு பக்கத்துக்கும் வெப்பநிலை வித்தியாசம் எவ்வளவு என்று தெரிந்தால்தானே வெப்பக் கடத்துதிறனைக் கணக்குப் போட முடியும்? இது எங்கள் ஊர்க் கஷ்டம் மட்டுமில்லை. 2016 ஜூனில் நேச்சர் இதழின் ஒரே வெளியீட்டில் பூமியின் மையத்தில் இருக்கும் இரும்பின் வெப்பக் கடத்துதிறனைப் பற்றி இரண்டு கட்டுரைகள் வந்தன. லேசரால் சூடேற்றி நேரடியாக அளந்தவர்களுக்கு மீட்டர்-கெல்வினுக்கு 18 முதல் 44 வாட் வரை கிடைத்தது, மின்தடையை அளந்து அதிலிருந்து கணக்கிட்டவர்களுக்கு 90 பக்கம். பூமியின் திடமான உள்மையத்துக்கு என்ன வயது என்பதே இந்த எண்ணில் தொங்குகிறது.

எதிர்பாராமல் கைகொடுத்தது ரூபித் துணுக்குதான். அழுத்தம் பார்ப்பதற்காக எல்லோரும் உள்ளே போடுவதுதான் அது. ஒளி பட்டால் ரூபி 694.2 நானோமீட்டர் அலைநீளத்தில் ஒளிரும், அந்தக் கோடு ஒவ்வொரு ஜிகாபாஸ்கலுக்கும் 0.365 நானோமீட்டர் நகரும். ஆனால் சூட்டுக்கும் நகரும். ஐந்தாறு டிகிரி ஏறினால் 0.1 ஜிகாபாஸ்கல் கூடின மாதிரி காட்டும். ஏசி நின்று அறை 24-லிருந்து 38-க்குப் போன ஒரு நாள், திருகைத் தொடாமலே அழுத்தம் கால் ஜிகாபாஸ்கல் ஏறிவிட்டது என்று நான் பதறியது இதனால்தான். அப்புறம் பக்கத்திலேயே சமேரியம் கலந்த ஸ்ட்ரான்ஷியம் போரேட் துணுக்கு ஒன்றும் வைக்க ஆரம்பித்தேன். அதன் 685.4 கோடு சூட்டை ஏறக்குறைய கண்டுகொள்வதே இல்லை. அது சொல்லும் அழுத்தத்தை வைத்து ரூபியில் கழித்தால், மிச்ச நகர்வு வெப்பநிலை. அதுவும் மாதிரிக்குப் பக்கத்திலேயே இருக்கும் வெப்பநிலை! ரொம்பச் சூடானால் ரூபியின் இரண்டு கோடுகளும் அகன்று கலந்துபோகும், அதுவரைக்கும் எந்தக் கம்பியையும் விட இதைத்தான் நம்புகிறேன்.

துணுக்கை எடுத்து வைக்கும் வித்தையை வேலூர் லாங் பஜார் பக்கம் நகைப்பட்டறை வைத்திருக்கும் ஆசாரி ஒருவர் சொல்லிக்கொடுத்தார். "ஊசிய தலைமுடியில ஒருதரம் தேய்ச்சுக்குங்க சார், அந்தப் பசைக்கே கல்லு ஒட்டிக்கும்." பத்து மைக்ரான் துணுக்கு இப்போது முதல் முயற்சியிலேயே போய் உட்காருகிறது.

சரி தம்பி, இவ்வளவு நல்லது சொல்லிவிட்டும் என் பதில் மாறவில்லை. ஹீட்டரோடு இருப்பதை வாங்காதே. செல்லை மட்டும் வாங்கு, மிச்சப் பணத்தில் ரூபிக் கோட்டைப் படிக்க நல்ல ஸ்பெக்ட்ரோமீட்டர் வாங்கு. ஆறு மாதம் கழித்து நானே வேறு மாதிரி சொல்லலாம், இன்றைக்கு இதுதான். சூடேற்றிப் பார்க்க வேண்டியது இருந்தால் ஆடி கழிந்து இங்கே வா, அறையும் கொஞ்சம் அடங்கியிருக்கும், என் செல்லிலேயே சேர்ந்து பார்ப்போம். வரும்போது தெர்மோகப்பிளுக்கு 0.1 மி.மீ. குரோமல் கம்பி கிடைத்தால் ஒரு முழம் எடுத்து வா, இங்கே தீர்ந்துபோய்விட்டது.