சர்வர் பட்டியலா, மேட்ச்மேக்கிங்கா: ஆள் குறையும்போது எது தாங்கும்?

பிசியில் நண்பர்களோடு தொடர்ந்து ஆட ஒரு ஷூட்டர் (துப்பாக்கிச் சண்டை விளையாட்டு) தேவைப்பட்டபோது இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, பொத்தானை அழுத்தினால் தானே ஆள் சேர்த்துத் தரும் மேட்ச்மேக்கிங்கை மட்டுமே நம்பிய ஒரு புதிய விளையாட்டு. மற்றது, ஆட்டக்காரர்களே நடத்தும் சர்வர்களை, அதாவது ஆட்டத்தை இயக்கும் கணினிகளை, பட்டியலிட்டுக் காட்டும், 2007இல் வெளியான டீம் ஃபோர்ட்ரஸ் 2. முதலாவதை வாங்கி மூன்று மாதம் ஆடிய பிறகே இரண்டாவதற்கு வந்தேன் என்பதால், என் சாய்வை மறைக்கப்போவதில்லை.

காட்சித் தரத்தில் புதியதே மேல். புதிதாக வருபவருக்கும் அதுதான் வசதி: திறமைக்கேற்ற எதிராளி, குறைந்த பிங் (இணையத் தாமதம்), சில நொடிக் காத்திருப்பு. இவையெல்லாம் கூட்டம் இருக்கும் வரைதான்.

ஒரு நேரத்தில் 600 பேர் இணைந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். அவர்களை மூன்று வட்டாரங்களாகவும் நான்கு ஆட்டமுறைகளாகவும் பிரித்தால் ஒவ்வொரு வரிசைக்கும் சராசரியாக 50 பேர். அவர்களிலும் பலர் ஏற்கெனவே ஆட்டத்துக்குள் இருப்பார்கள். மிஞ்சியவர்களைத் திறமை பார்த்து மீண்டும் பிரித்தால் ஓர் ஆட்டத்துக்கு வேண்டிய 12 பேர் தேறுவதே கடினம். நிபந்தனையைத் தளர்த்தினால் புதியவர் கைதேர்ந்தவர்களிடம் அடிவாங்கி வெறுத்துப்போகிறார். தளர்த்தாவிட்டால் காத்திருப்பு நீள்கிறது. எப்படியானாலும் ஆள் விலக, வரிசை மேலும் மெலிகிறது. மூன்றாம் மாத இறுதியில் ஓர் இரவு, சுழலும் வட்டத்தை எட்டு நிமிடம் பார்த்துக்கொண்டிருந்த பின் கிடைத்த ஆட்டத்தில், முந்தைய ஆட்டத்தில் என்னைத் துவைத்தெடுத்த அதே அணிதான் எதிரே நின்றது. கன்சோல்காரர்களையும் சேர்க்கும் கிராஸ்ப்ளே இந்த வரிசையைத் தடிமனாக்கும். ஆனால் கேம்பேடில் ஆடுபவர்களுக்குக் குறிபார்க்க விளையாட்டே தரும் உதவி பிடிக்காத மவுஸ்காரர்கள் பலர் அதை அணைத்துவிடுகிறார்கள்.

சர்வர் பட்டியலில் கணக்கே வேறு. ‘18/24’ (24 இடங்களில் 18 பேர்) என்று ஒரு வரியில் தெரிந்தால், ஆட வந்தவர்கள் அங்கேயே குவிகிறார்கள். நாற்பது பேர் மிஞ்சினாலும் ஒரு சர்வராவது நிறைந்திருக்கும். நான் வழக்கமாகச் செல்லும் சர்வரில் மூன்று நான்கு பேர் மாலையில் ஆளில்லாத மேப்பிலேயே (ஆட்டக்களத்திலேயே) நுழைந்து, மற்றவர்கள் வரும்வரை சும்மா சுற்றிக்கொண்டிருப்பார்கள். ஏமாற்று மென்பொருளோடு வருபவனை வெளியேற்றவும் அங்கே ஓர் அட்மின் இருப்பார்.

நிறுவனம் கைவிட்டாலும் இந்த வேறுபாடு தெரியும். 2024 ஆகஸ்ட் 23இல் வெளியான கான்கார்ட் என்ற ஷூட்டர் அதே ஆண்டு செப்டம்பர் 6இல் நிறுத்தப்பட்டது. 2024 மே மாதம் வந்த எக்ஸ்டிஃபயன்ட் என்ற ஷூட்டர் 2025 ஜூனில் மூடப்பட்டது. வாங்கியவரிடமோ தரவிறக்கியவரிடமோ சர்வர் நடத்தும் மென்பொருள் இல்லாததால் அத்தோடு கதை முடிந்தது. மாறாக, 1999இல் வெளியான குவேக் 3 அரீனா என்ற ஷூட்டரின் மூலநிரல் 2005இல் திறந்துவிடப்பட்டது. விரும்புபவர் இன்றும் தம் கணினியில் சர்வர் வைத்து ஆடலாம்.

பட்டியல் முறையிலும் சங்கடம் உண்டு: விசித்திர விதிகள், நீளமான கூடுதல் தரவிறக்கங்கள், பழைய ஆட்களின் கோஷ்டி மனப்பான்மை. தரவரிசையில் ஏறுவதே நோக்கம் என்றால் மேட்ச்மேக்கிங்தான் பொருந்தும் என்று தோன்றுகிறது; அந்தப் பக்கம் நான் அதிகம் ஆடியதில்லை. இரண்டும் வேண்டுமென்பவர்களுக்குக் கவுன்டர்-ஸ்ட்ரைக் 2 என்ற ஷூட்டர் இருக்கிறது. அதில் தரவரிசை ஆட்டமும் உண்டு, ஆட்டக்காரர்கள் நடத்தும் சர்வர்களும் உண்டு.