ஸ்லைடில் ஓர் எண், பிரேமில் வேறோர் எண்: பழைய பிஸ்டல் வாங்கி நான் பட்ட பாடு

தற்காப்புக்கான துப்பாக்கி உரிமம் கைக்கு வந்து, சட்டைக்குள் அடங்குகிற அளவில் சிறியதாக ஒன்றைத் தேடிக்கொண்டிருப்பவர்கள், பழைய வெளிநாட்டுப் பிஸ்டல் எதற்கும் முன்பணம் கொடுப்பதற்குள் இதைப் படித்துவிட வேண்டும் என்றே எழுதுகிறேன். வழக்கு நுகர்வோர் ஆணையத்தில் இருப்பதால் கடையின் பெயரையோ ஊரையோ சொல்லப்போவதில்லை.

கோவையில் நகைப் பட்டறை வைத்திருக்கிறேன். வேலை முடிந்த நகைகளை நானே கடைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது வழக்கம். இரண்டு முறை பைக்கில் ஆட்கள் பின்தொடர்ந்து வந்த பிறகுதான் உரிமத்துக்கு விண்ணப்பித்தேன். காவல்துறை விசாரணை, பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழ் எல்லாம் முடிந்து உரிமம் வர ஒன்றரை ஆண்டு ஆயிற்று.

நம் நாட்டில் சாதாரணக் குடிமகனுக்குக் கைத்துப்பாக்கியில் தேர்வு மிகக் குறைவு. 9 மி.மீ., .38 போன்றவை தடை செய்யப்பட்ட துளையளவில் (குழலின் உள்விட்டத்தில்) வருவதால், பெரும்பாலும் அங்குலக் கணக்கில் .32 அல்லது .22 என்று நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான். கான்பூரில் தயாராகும் .32 ரிவால்வர்கள், 2014இல் டைட்டானியம் கலவையில் 500 கிராம் எடையில் வந்த நிர்பீக் ரிவால்வர், அஷானி பிஸ்டல், 250 கிராமே உள்ள .22 நிதர் ரிவால்வர் என்று உள்நாட்டுச் சரக்கை விரல்விட்டு எண்ணிவிடலாம். தனியாருக்கான இறக்குமதி 1980களின் நடுவிலேயே நின்றுபோனதால், அதற்கு முன் வந்த வெளிநாட்டுத் துப்பாக்கிகளே கைமாறிக் கைமாறிச் சுற்றி வருகின்றன. ஐம்பது வயதான சாமானுக்குப் புதிய சாமானைப் போல மூன்று மடங்கு விலை சொல்வது இதனால்தான்.

சிறியதாக வேண்டும் என்று நான் கேட்டதற்கு வீம்பு காரணம் அல்ல. 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி, பொது இடத்தில் கைத்துப்பாக்கியை உடலோடு பொருத்திய உறையிலோ பையிலோ, வெளியே தெரியாதபடி முழுவதும் மூடி, நம் கட்டுப்பாட்டிலேயே வைத்திருக்க வேண்டும். இதைக் கடைக்காரரிடம் சொன்னதும், கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த கான்பூர் ரிவால்வரை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு, உள்ளறையிலிருந்து துணியில் சுற்றிய ஒரு பழைய ஜெர்மன் 7.65 மி.மீ. (அதாவது .32) பிஸ்டலை எடுத்து வந்தார். "ரிவால்வர்ல உருளை இடுப்புல பொடச்சுக்கிட்டு நிக்குமுங்கண்ணா. இது தட்டை, பனியனுக்குள்ள வெச்சாலும் தெரியாதுங்க" என்றார். அவர் சொன்ன அந்த ஒரு சங்கதி உண்மை. தட்டையாகவும் கையடக்கமாகவும் இருந்ததில் நான் மயங்கிவிட்டேன்; மேலே பளபளத்த கருநீலப் பூச்சைப் பார்த்து, முந்தைய உரிமையாளர் நன்றாகப் பராமரித்திருக்கிறார் என்று நானாகவே முடிவு கட்டிக்கொண்டேன்.

விலை 4,20,000 ரூபாய் என்று பேசி முடித்தோம். ரசீது 1,60,000 ரூபாய்க்குத்தான் போட்டார்கள். இந்தத் தொழிலில் இதுதான் நடைமுறை என்று சொன்னதற்கு நானும் தலையாட்டினேன். இதில் என் தவறையும் மறைக்க விரும்பவில்லை. துப்பாக்கியின் எண்ணை உரிமத்தில் பதிந்து, 25 தோட்டாக்களையும் கொடுத்து அனுப்பினார்கள். தோட்டா விஷயத்தில் மட்டும் ஏமாறவில்லை. உரிமத்தில் .32 என்று ஒரே எண்ணாக எழுதியிருந்தாலும் ரிவால்வருக்கான .32 வேறு, பிஸ்டலுக்கான 7.65 வேறு, ஒன்றை மற்றொன்றில் போடக்கூடாது என்று பயிற்சியிலேயே சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

வீட்டுக்கு வந்த அன்றே முதல் குறை தெரிந்தது. கடையில் பேண்ட் பெல்ட்டில் செருகிப் பார்த்திருந்தேன். நானோ பட்டறையில் நாள் முழுவதும் வேட்டி கட்டுகிறவன். வேட்டிக்கு மேல் போடும் பச்சை பெல்ட்டில் உறையை மாட்டினால் எடை தாங்காமல் ஒரு பக்கம் சரிந்தது. வியர்வை பட்ட இடத்தில் இரண்டே வாரத்தில் துருப்புள்ளி விழுந்தது. சுடும் பயிற்சிக்குப் போன இடத்தில், சுடும்போது முன்னும் பின்னும் நகரும் மேல் பாகமான ஸ்லைடு பின்னால் வந்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடைப்பட்ட சதையைக் கிழித்துவிட்டது. சிறிய பிஸ்டலைப் பெரிய கை உயரப் பிடித்தால் இது நடக்கும் என்பதை விற்றவர் சொல்லவில்லை. இதையெல்லாம் பொறுத்துக்கொண்டிருப்பேன்.

வாங்கிய துப்பாக்கியை ஆய்வுக்குக் கொண்டுபோன நாளில்தான் தலையில் இடி விழுந்தது. அங்கிருந்த ஆர்மரர், அதாவது துப்பாக்கிகளைப் பழுதுபார்ப்பவர், அவசரமே படாத மனிதர். மேகசினைக் கழற்றி, தோட்டா அறை காலி என்று பார்த்துவிட்டு, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து, கட்டைவிரல் நகத்தால் ஸ்லைடின் ஓரத்தை மெதுவாக வருடினார். "இங்க பள்ளம் தட்டுது, நீங்களே தடவிப் பாருங்க சார்" என்றார். பூச்சுக்கு அடியில் உலோகம் அரத்தால் ராவப்பட்டு லேசாகக் குழிந்திருந்தது. அந்தக் குழிவின் மேல் புதிதாக அடித்திருந்த எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்கள் பிரேமில் (கைப்பிடியோடு சேர்ந்த அடிப்பாகத்தில்) இருந்த எண்ணோடு பொருந்தவில்லை. துளையளவைக் குறிக்கும் எழுத்துகள்கூட மற்ற எழுத்துகளைவிட ஆழம் குறைந்து, கோணலாக இருந்தன. மேல் பாகம் வேறொரு துப்பாக்கியுடையது. ஒருவேளை அதே வகையில் 9 மி.மீ. குறுந்தோட்டாவுக்குச் செய்ததாகக்கூட இருக்கலாம், ஆய்வகம்தான் சொல்ல வேண்டும் என்றார்.

1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 8ஆம் பிரிவைப் பற்றி அன்றுதான் கேள்விப்பட்டேன். அடையாள எண்ணை அழித்த அல்லது மாற்றிய துப்பாக்கி ஒருவர் கையில் இருந்தால், வேறு விதமாக நிரூபிக்கப்படும் வரை, அழித்தவர் அவரே என்று சட்டம் அனுமானிக்கிறது. விற்றவர் கடையில் உட்கார்ந்திருக்க, நிரூபிக்கும் பாரம் என் தோளில் ஏறிக்கொண்டது.

கடைக்காரருக்குப் போன் செய்தேன். "பழைய சாமான்னா அப்படித்தாங்க இருக்கும், நீங்க பாத்துத்தான வாங்குனீங்க" என்பதே பதில். ரசீதில் பிரேம் எண் மட்டுமே இருந்தது. ஸ்லைடு எண் எங்கும் குறிப்பிடப்படவில்லை. காவல்துறையிடம் மூன்று முறை வாக்குமூலம் கொடுத்தேன். எண்ணை ராவி மறுபடி அடித்தது என் கைக்கு வருவதற்கு முன்பே என்பது தெளிவாகி, என்னைச் சாட்சியாக மட்டும் வைத்துக்கொள்ள எட்டு மாதம் பிடித்தது. நுகர்வோர் ஆணையத்தில் ரசீதில் உள்ள 1,60,000 ரூபாயைத்தான் கேட்க முடிகிறது. மீதிப் பணத்துக்கு ஒரு துண்டுச் சீட்டுகூட என்னிடம் இல்லை.

பழைய பிஸ்டல்தான் வேண்டும் என்று இருப்பவர்கள் பிரேம், ஸ்லைடு, குழல் ஆகியவற்றில் உள்ள எண்களை வெயிலில் வைத்துப் படித்து, எல்லாவற்றையும் ரசீதில் எழுதச் சொல்லுங்கள். முந்தைய உரிமையாளரின் உரிமத்திலிருந்து அது நீக்கப்பட்டதற்கான ஆவணத்தின் நகலைக் கேளுங்கள். புதுப் பூச்சு போட்டிருந்தால் ஏன் போட்டார்கள் என்று கேளுங்கள். கொடுக்கும் பணம் முழுவதற்கும் ரசீது தர மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். ஓய்வுபெற்ற ஆர்மரர் யாரையாவது உடன் அழைத்துப் போக ஆகும் செலவு, நான் வழக்கறிஞருக்குக் கொடுத்ததில் நூற்றில் ஒரு பங்குகூட இருக்காது.

அந்தப் பிஸ்டல் இன்னும் வழக்குச் சொத்தாக இருக்கிறது. எனக்கு அனுமதித்தது ஒரே ஒரு துப்பாக்கி. அதன் எண்ணை உரிமத்திலிருந்து நீக்கும் வரை, அன்று ஓரமாகத் தள்ளி வைத்த கான்பூர் ரிவால்வரைக்கூட நான் வாங்க முடியாது. நகைகளை இப்போது பட்டப்பகலில், மச்சானைத் துணைக்கு அழைத்துக்கொண்டு கொண்டுபோகிறேன்.